துரைக்குப் புது ஹீட்டர்

நவம்பர் 26, செவ்வாய்

பெட்டிச் சூடு: காலை 38, மாலை 37.

இது போன வருஷத்து டைரி. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியில் கொடுத்தது. கிழமை பொருந்தாது, அடித்துத் திருத்தி எழுதுகிறேன். பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று தினமும் குறித்து வைக்கச் சொல்லி என் மகன் நவநீதன் தன் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறான். சூட்டை மட்டும் எழுதினால் அரை வரியில் முடிந்துவிடுகிறது. மீதி இடம் சும்மா கிடக்கிறதே என்றுதான் இதையெல்லாம் கிறுக்குகிறேன்.

நவநீதன் போய் இன்றோடு நான்கு வாரம். அக்டோபர் 29, அதுவும் செவ்வாய். காட்டேரி வளைவில், மழையில், லாரி.

ஜனவரியில் ஹைதராபாத் வேலைக்குப் போக வேண்டியவன். அவன் இல்லாதபோது துரையை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை முழுக்க எழுதி வைத்திருந்தான். அட்டையில் "அம்மாவுக்கு" என்று போட்டிருக்கிறது. பக்க நம்பர்கூட அவனே போட்டிருக்கிறான். நான் செவ்வாய்க்கு ஒரு பக்கம் என்று படிக்கிறேன். நாற்பது பக்கம், நாற்பது வாரம். பிள்ளை சுமக்கிற கணக்கு. அதுவரைக்கும் அவன் எனக்கு வாரா வாரம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். முடிந்த பிறகு என்ன செய்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று நாலாம் பக்கம். துரைக்கு நகம் வெட்டுவது எப்படி என்று. படம் போட்டிருக்கிறான், கண்ணு. கோணல் மாணலாக.

துரை என்பது ஓணான். ஆஸ்திரேலியா பாலைவனத்து ஜாதியாம், முழங்கை நீளம், கழுத்தில் முள்ளு முள்ளாகத் தாடி. ஹீட்டருக்கு அடியில் கல்லின் மேல் ஏறி, தலையைத் தூக்கிக்கொண்டு, பழைய எஸ்டேட் துரை மாதிரி உட்காரும். அதனால் அந்தப் பேர். மூன்று வருஷத்துக்கு முன் அவன் இதைக் கொண்டுவந்த அன்று, "வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டு, குத்துது குடையுதுங்கிற கதையா ஆகப் போகுது" என்று கத்தினேன். இப்போது அவன் கை பட்டதில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். குன்னூர் குளிரில் இது செத்துப்போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது.


நவம்பர் 29, வெள்ளி

காலை 38, மாலை 36.

அவர் இப்போதெல்லாம் நவநீதன் அறையிலேயே படுத்துக்கொள்கிறார். துரையின் ஹீட்டர் ஓடுவதால் வீட்டில் வெதுவெதுப்பான அறை அது ஒன்றுதான். ஜன்னல் இரண்டின் சந்திலும் நியூஸ் பேப்பரை மடித்துச் செருகி, மேலே டேப் ஒட்டிவிட்டேன். குளிர் காற்று பட்டால் அவருக்கு ஆகாது. ஃபேக்டரியில் தூள் சலிக்கிற சலிப்புப் பிரிவில் முப்பத்தொரு வருஷம். நெஞ்செல்லாம் தேயிலைத் தூசி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்ஹேலர் இல்லாமல் ஒரு நாள் போகாது.

அன்றைக்கும் அதுதான். இன்ஹேலர் தீர்ந்துபோனதை முன்னாலேயே சொல்லாமல், மழை பிடித்த பிறகு சொன்னார். நவநீதன் சட்டென்று பைக்கை எடுத்துக்கொண்டு போனான். நான் அவரைக் குறை சொல்லவில்லை. யாருக்குத் தெரியும், இப்படி ஆகுமென்று.

போலீஸ் கொடுத்த பையில் அவன் வாட்ச், பர்ஸ், ஹெல்மெட் எல்லாம் இருந்தது. மருந்து மட்டும் இல்லை. பையை வாங்கிவந்தவர் அவர்தான். கேட்டதற்கு, "ரோட்டுல உழுந்திருக்கும் ருக்கு" என்றார்.


டிசம்பர் 3, செவ்வாய்

காலை 37, மாலை 35.

ஐந்தாம் பக்கம். அப்படியே எழுதுகிறேன்:

"ஹீட்டர் என்னைக்காவது ஒரு நாள் புட்டுக்கும். பயந்துடாத மா. கோயமுத்தூர் கடை நம்பர் கீழ இருக்கு, போன் பண்ணா அனுப்புவாங்க. அது வர்ற வரைக்கும் சுடுதண்ணி பாட்டில துணில சுத்தி துரை பக்கத்துல வை. உடம்பு ஜில்லுன்னு ஆச்சுன்னா சாப்பிட மாட்டான். நாலு நாளுக்கு மேல தாங்க மாட்டான்."

"பயந்துடாத மா." இதை நாலு தடவை படித்தேன். ஒரு பக்கத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம், அடுத்த பக்கத்தைத்தான் தொடக் கூடாது.

பக்கத்து வீட்டு பிலோமினா டீச்சர் வந்திருந்தாள். "ஏன்க்கா, முழுசையும் ஒரே மூச்சுல படிச்சிரலாம்லா? அவசரத்துக்கு உதவுமே" என்றாள். எனக்கு வந்ததே கோபம். உன் மகன் கனடாவிலிருந்து தினம் வீடியோவில் பேசுகிறான் டீச்சர், உனக்கென்ன என்று வாய் வரை வந்துவிட்டது. டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.


டிசம்பர் 5, வியாழன்

காலை 22.

அவன் வாய் முகூர்த்தம். ஹீட்டர் போய்விட்டது.

காலையில் பார்த்தால் துரை கல்லின் மேல் கறுத்துப்போய்க் கிடக்கிறது. தொட்டால் ஐஸ். ஓடி வந்து கடைக்குப் போன் பண்ணினேன். திங்கட்கிழமைதான் பார்சல் வருமாம். ஆறாம் பக்கத்தில் ஏதாவது இருக்குமோ என்று கை நோட்டுப் பக்கம் போனது. எடுக்கவில்லை. ஐந்தாம் பக்கத்தில் சொன்னதே போதும்.

சுடுதண்ணீர் பாட்டில் அரைமணி நேரத்தில் ஆறிவிடுகிறது. நான் அடுப்படிக்கும் அறைக்குமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, அவர் "இங்க குடு" என்று துரையை வாங்கி, ஸ்வெட்டரின் ஜிப்பைத் திறந்து நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டார். தாடி மட்டும் வெளியே தெரிந்தது. முள் குத்தவில்லையா என்று கேட்டேன்.

"குத்துது. இருந்துட்டுப் போவுது."


டிசம்பர் 7, சனி

துரையின் உடம்புச் சூடு 29 என்று காட்டுகிறது. எல்லாம் அவர் புண்ணியத்தில். பகல் முழுக்க அப்படியே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இருமல் வந்தால்கூடத் துரையைக் கையால் மூடிக்கொண்டு இருமுகிறார். அதனோடு ஏதோ முணுமுணுவென்று பேசுகிறார். நான் போனால் நிறுத்திவிடுகிறார்.

மகன் இருந்தபோது மூன்று வருஷமும் அவனிடம், "அந்தச் சனியனைக் கொண்டுபோய்க் காட்டுல உடு" என்று சொன்னவர். இப்போது மடியில். 


டிசம்பர் 9, திங்கள்

பார்சல் வந்துவிட்டது. பார்க்க பீங்கான் பல்பு மாதிரி இருக்கிறது, ஆனால் வெளிச்சம் வராது, சூடு மட்டும்தான். கூடவே தொப்பி மாதிரி ஒரு கறுப்புத் தகர மூடி, பளபளவென்று பெயிண்ட் அடித்து. உள்ளே எறும்பு எழுத்தில் ஒரு இங்கிலீஷ் பேப்பர். அதைக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது.

வந்து சேர்ந்ததா என்று கடைக்காரப் பையன் போன் பண்ணினான். "ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயங்கம்மா..." என்று ஆரம்பித்தான்.

"எல்லாம் எம் பையன் எழுதி வெச்சிருக்கறான் தம்பி" என்று வைத்துவிட்டேன். எனக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்றே மாட்டியிருக்கலாம். ஆனால் நாளைக்குச் செவ்வாய்.


டிசம்பர் 10, செவ்வாய்

ஆறாம் பக்கம். தலைப்பே "புது ஹீட்டர்". நான் கேட்பதற்கு முன்னாலேயே பதில் எழுதி வைத்திருக்கிறான் பாருங்கள், என் சாமி. ரொம்ப நேரம் அழுதேன்.

"புது ஹீட்டர் வந்ததும் துரைய உடனே உள்ள விட்டுடாத மா. புதுசுல எண்ணெய், பூச்சு எல்லாம் இருக்கும், சூடானதும் அது கருகும். நாத்தம் வரும். துரைய வேற ரூம்ல டப்பால வெச்சுடு. அந்தக் காத்து அவனுக்கு விஷம். காலிப் பெட்டில ஹீட்டர மூணு நாள் பகல் முழுக்க ஓட்டு. யாராவது பக்கத்துலயே இருக்கணும், ஆன் பண்ணி விட்டுட்டுப் போயிடாத. நாத்தம் சுத்தமா போனப்புறம்தான் துரை உள்ள போகணும். ரொம்ப முக்கியம்"

அதோடு பக்கம் முடிகிறது. ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறான். மீதி அடுத்த செவ்வாய்க்கு.

நாளைக்கு ஆரம்பிக்கிறேன். துரைக்குத் தெர்மாக்கோல் டப்பா, சுடுதண்ணீர் பாட்டில், கம்பளித் துணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அடுப்படியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று யோசித்தேன். எனக்கு அடுப்படியில் துரையைப் பார்க்கிற வேலை. அவர் அந்த அறையில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்.

"மணிக்கு ஒருக்கா சூடு பாத்து, நாத்தம் இருக்குதா இல்லையான்னு ஒரு தாள்ல எழுதோணும். முடியுமா?" என்று கேட்டேன்.

"எழுதறேன்" என்றார். அவன் போனதிலிருந்து நான் அவரிடம் கேட்ட முதல் உதவி இது. முகம் கொஞ்சம் மலர்ந்த மாதிரி இருந்தது.


டிசம்பர் 11, புதன்

முதல் நாள். காலிப் பெட்டி 41.

ஏழரை மணிக்குப் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஆரம்பித்துவிட்டது நாத்தம். டயர் கொளுத்தின மாதிரி, இனிப்பாக, தொண்டையில் ஒட்டுகிற மாதிரி. அவன் சொன்னது அப்படியே நடக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. பயந்துடாத மா என்கிற மாதிரியே இருந்தது.

துரை அடுப்படியில் சுகமாக இருக்கிறது. அந்த நாத்தம் துளிகூட வந்துவிடக் கூடாது என்று அறைக் கதவைச் சாத்தி, கதவுக்கு அடியில் ஈரத் துணியைச் சுருட்டி வைத்தேன். மூன்று மணிக்கு ஒரு வெள்ளரித் துண்டு தின்றது! ஆறு நாளில் இதுதான் முதல் தீனி.

மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நெஞ்சு எரியறாப்புல இருக்குது ருக்கு. ஜன்னலைக் கொஞ்சம் தொறக்கட்டுமா?"

"காலைல புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடந்துது. பனிக் காத்து உள்ள வந்தா உங்களுக்கு இழுத்துக்கும்" என்றேன். அது உண்மைதானே. டாக்டரே சொன்னதுதான்.

சரி என்று தலையாட்டினார். தாளில் அழகாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறார். எட்டு மணி, 35, நாத்தம் இருக்குது. ஒன்பது மணி, 40, நாத்தம் இருக்குது. ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தபோது எழுதின கையெழுத்து.


டிசம்பர் 12, வியாழன்

இரண்டாம் நாள். 40.

காலையில் காபி கொண்டுபோனேன். அவர் போர்வையின் மேல், தொடைப் பக்கம், ஒரு பல்லி செத்துக் கிடந்தது. உத்திரத்திலிருந்து விழுந்திருக்கிறது.  பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி விழும் பலனைப் பார்த்தேன். தலை, தோள், தொடை, பாதம் எல்லாவற்றுக்கும் இடது வலது என்று தனித்தனியாகப் பலன் போட்டிருக்கிறது. செத்து விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. குளிரில் விறைத்துப்போய் விழுந்திருக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னால் அவருக்கு முடியாது; மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, பல்லியைக் காகிதத்தில் எடுத்துப் போட்டேன்.

நாத்தம் நேற்று அளவுக்கு இல்லை. ஆனால் இருக்கிறது.

பதினோரு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, அடுப்படி வரை வந்துவிட்டார். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, நாத்தம் பின்னாலேயே வருகிறது. துரை டப்பாவின் மேல் ஓடிப்போய்த் துணியை மூடினேன்.

"ருக்கு, மூச்சு முட்டுதம்மிணி. கொஞ்ச நேரம் டீச்சர் ஊட்டுல போய் உக்காந்துக்கட்டுமா?"

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் சொல்லாததாக ஆகிவிடுமா?

"உங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு ஒருத்தன் ஓடினது பத்தாதா?" என்றேன்.

 அவர் திரும்பிப் போய், கதவைத் தானே சாத்திக்கொண்டார். ஈரத் துணியை உள்ளேயிருந்து காலால் தள்ளிச் சரியாக வைக்கிற சத்தமும் கேட்டது.

கோபத்தில் வந்துவிட்டது. நாற்பத்து நாலு நாளாகத் தொண்டையில் நின்றது. நான் அவரைக் குறை சொல்லவில்லை.

சாயங்காலம் துரையைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஹீட்டரை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதன் தலையை ஒரு விரலால் தடவினார். இன்ஹேலரை அடித்துக்கொண்டபோது அது வெறும் காற்றாகச் சத்தம் போட்டது. "தீந்துபோச்சா?" என்றேன். "இல்ல, இருக்குது" என்றார்.


டிசம்பர் 13, வெள்ளி

மூன்றாம் நாள்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். பிலோமினா டீச்சர் ஆட்டோவுக்குப் போயிருக்கிறாள்.


டிசம்பர் 15, ஞாயிறு

நேற்றுக் காலை ஏழு பத்துக்கு அவர் போய்விட்டார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து என் மைத்துனரும் அவர் மகனும் வந்தார்கள். கொள்ளி வைக்க எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே. மைத்துனர் மகன் வைத்தான். ஏழு வாரத்தில் இரண்டாவது தடவை அந்தச் சுடுகாட்டுக்குப் போய் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன். காலையிலிருந்து அவர் கூப்பிடவே இல்லை. ஒரு சத்தம் இல்லை. இருமல்கூட இல்லை. முந்தின நாள் சொன்னதில் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நானும் போகவில்லை. மத்தியானம் தட்டை வைத்தபோது கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று வந்துவிட்டேன். நாலரைக்குப் போனேன். உதடு நாவற்பழமாக இருந்தது. மூச்சு மேல்மூச்சாக வாங்குகிறது, நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தம். தாளும் பேனாவும் மடியில்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா கேட்டாள். "வீட்டுல புகை ஏதாவதும்மா? விறகடுப்பு? கொசுவத்தி? பெயிண்ட்?"

"இல்லைங்க. கேஸ் அடுப்புதான்" என்றேன்.

"எங்கே வேலை பார்த்தார்?"

"தேயிலை ஃபேக்டரி. சலிப்புல. முப்பத்தொரு வருஷம்."

அவள் எழுதிக்கொண்டாள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். தேயிலைத் தூசி கடைசியில் ஆளைத் தின்றுவிட்டது, மகன் போன துக்கம் வேறு. நானும் தலையாட்டினேன்.

துரைக்கு இரண்டு நாளாகப் பிலோமினா டீச்சர்தான் சுடுதண்ணீர் மாற்றியிருக்கிறாள். ஓணான் என்றால் அலறுகிறவள்.


டிசம்பர் 16, திங்கள்

அந்த அறையைப் பெருக்கப் போனேன். கட்டிலுக்கு அடியில் அவர் எழுதின தாள் கிடந்தது. மூன்று நாள் கணக்கும் அதில் இருக்கிறது. ஒரு மணி நேரம்கூட விடவில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும், நான் அதைச் சொன்ன நேரத்துக்கு, சூடு எழுதாமல் ஒரு கோடு போட்டிருக்கிறார். பன்னிரண்டு மணிக்குத் திரும்பவும் எழுதியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை எழுத்து ஆடுகிறது. பன்னிரண்டு மணி, 40, லேசா இருக்குது. ஒரு மணி, 40, லேசா. இரண்டு மணி, 39, லேசா. மூன்று மணி, 39, இல்லைன்னு தோணுது.

கடைசி வரி: "4 மணி. நாத்தம் இல்ல. துரைய உடலாம்."


டிசம்பர் 17, செவ்வாய்

ஏழாம் பக்கம்.

இந்த வாரம் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சாவு வீடு. ஆனால் செவ்வாயாயிற்றே, பழக்கம் விடவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு எடுத்தேன். ஆறாம் பக்கத்தின் தொடர்ச்சி. "ரொம்ப முக்கியம்" என்று எழுதி அம்பு போட்டது, மேலே எழுதினதுக்கு இல்லை. கீழே வரப்போவதுக்கு.

"ஜன்னல் ரெண்டையும் நல்லா தொறந்து வை. குளிரினா பரவால்ல. அந்த மூணு நாளும் அப்பா இந்த ரூம் பக்கமே வரக் கூடாது. அப்பா நெஞ்சுக்கு அந்தக் காத்து சுத்தமா ஆகாது, துரைக்கு விஷம்னா அப்பாவுக்கு ரெண்டு மடங்கு விஷம். பகல்ல பிலோமினா டீச்சர் வீட்டுல உக்காரட்டும். யார் வீட்டுலயும் போய் உக்கார மாட்டேன்னு அடம் பிடிப்பாரு. நான் சொன்னேன்னு சொல்லு மா, போவாரு."

அவ்வளவுதான் இன்றைக்கு. எழுத முடியவில்லை.


டிசம்பர் 18, புதன்

அவர் தலையணை உறையைத் துவைக்கக் கழற்றினேன். உள்ளே மருந்துக் கடைக் கவர் ஒன்று. மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்குள் இன்ஹேலர், டப்பாவோடு, சீல் பிரிக்காமல். ஓரம் மட்டும் நசுங்கியிருக்கிறது. பில்லும் இருந்தது. அக்டோபர் 29, மாலை 5.40.

ரோட்டில் விழவில்லை. போலீஸ் பையில்தான் இருந்திருக்கிறது. இவர் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். மகன் வாங்கின கடைசி மருந்து. பிறகு வாங்கின வேறொன்று தீர்ந்து, நெஞ்சு விசில் அடித்தபோதும், தலைக்கு அடியில் இருந்ததை எடுக்கவில்லை.

அட பாவி மனுஷா! நான் பக்கத்தைச் சேர்த்து வைத்தேன், நீங்கள் இதைச் சேர்த்து வைத்தீர்களா? அவன் நமக்குக் கொடுத்ததை இரண்டு பேருமே பிரிக்காமல் வைத்திருந்தோமே. பிரித்திருந்தால் இன்றைக்கு இருந்து என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்களே.


டிசம்பர் 19, வியாழன்

எட்டாம் பக்கத்திலிருந்து நாற்பது வரை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். இன்னும் எங்கே, யாருக்கு, என்ன எழுதி வைத்திருக்கிறானோ என்கிற பயம். ஒன்றும் இல்லை. எல்லாம் துரையின் சாப்பாடு, தோல் உரிக்கிறது, கால்சியப் பொடி. முப்பத்து மூன்று பக்கம், இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோயிற்று. நாற்பதாம் பக்கத்தில், "சந்தேகம்னா போன் பண்ணு மா" என்று எழுதியிருக்கிறான்.

பிலோமினா டீச்சரைக் கூப்பிட்டு ஆறாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் காட்டினேன். படித்தாள். அம்புக்குறியின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"தேயிலைத் தூசின்னுதானக்கா டாக்டர் சொன்னாங்க" என்றாள்.

"அந்தம்மா கேட்டா டீச்சர். புகை இருந்துதான்னு. நான் இல்லைன்னேன்."

 அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எங்க வீட்டுல ஈசி சேர் சும்மாதான கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

தூசி இல்லை. நான்தான். நான் அவரைக் குறை சொன்னேன். ஏழு வாரமும், விடிந்தது முதல் படுக்கிற வரைக்கும், குறை சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். அவரும் அதை ஒத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருந்தார்.


டிசம்பர் 20, வெள்ளி

ஜன்னல் டேப்பைப் பிய்த்து, நியூஸ் பேப்பரை உருவிப் போட்டேன். இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்து ஹீட்டரைப் போட்டேன். மூன்று மணி நேரம் மூக்கை வைத்துப் பார்த்தேன். கடைசி வரியில் அவர் எழுதினது சரிதான்.

துரையைப் பெட்டியில் விட்டேன். கல்லின் மேல் ஏறி, அரைமணி நேரத்தில் கறுப்பு மாறி மஞ்சளாகி, தலையைத் தூக்கிக்கொண்டது. பிழைத்துக்கொள்ளும்.

அவர் கட்டில் காலியாக இருக்கிறது. அதன் முன்னால் நின்று சத்தமாகவே சொன்னேன்.

"ஏனுங்க, டீச்சர் ஊட்டுல போய் உக்காந்துக்குங்க. உங்க பையன் சொன்னானுங்க."

பெட்டிச் சூடு: காலை 38. நாத்தம் இல்லை.